"நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" கொடைக்கானல் மலை கிராமங்களில் பாதியில் நிற்கும் பி.பி. மருந்து

கொடைக்கானல்,

கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலை கிராமங்களில் பல வீடுகளில் அடுப்படி அலமாரியில் ஒரு டப்பா இருக்கும். மூடியை திறந்தால் அட்டை அட்டையாக மாத்திரை. பாதி அட்டையில் நாலு காலி, மீதி அப்படியே. சில அட்டைகளை பிரிக்கவே இல்லை. எல்லாம் ரத்த கொதிப்புக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக கொடுத்தவை.

"ஏன் அப்பத்தா, மாத்திரை போடலையா?" என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். "எனக்கு என்னப்பா... நல்லாத்தானே இருக்கேன்!"

இந்த ஒரு வார்த்தைதான் டாக்டர்களுக்கும், நர்சுகளுக்கும் பெரிய தலைவலியாக இருக்கிறது. மாத்திரை இல்லாமல் நின்றவர்களை விட, மாத்திரை கையில் இருந்தும் நிறுத்தியவர்கள் பிரச்சினைதான் பெரிது. இது நம்ம ஊர் விஷயம் மட்டும் அல்ல. நீண்ட நாள் நோய்களுக்கு மருந்து சாப்பிடுபவர்களில், வசதியான நாடுகளில் கூட சுமார் பாதி பேர்தான் ஒழுங்காக சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ம் ஆண்டே சொல்லி விட்டது.

தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த கொதிப்பு இருப்பது தெரியவந்தது. அதாவது 3 பேரில் ஒருவர். அவர்களில் கொதிப்பு கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். 2023-24-ல் மறுபடி எடுத்தபோது இது 17 சதவீதமாக உயர்ந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் 100 பேரில் 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை.

ஏன் இப்படி? பெரியவர்கள் ஏன் மாத்திரையை பாதியில் விடுகிறார்கள்? சிலர் மட்டும் எப்படி விடாமல் சாப்பிடுகிறார்கள்?

சத்தம் போடாத நோய்

காய்ச்சல் வந்தால் உடம்பு கொதிக்கும். பல் வலி வந்தால் தூக்கம் போகும். மாத்திரை போட்டதும் வலி குறைவது தெரியும். ரத்த கொதிப்பு அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. 180 இருக்கும்போதும் ஆள் தோட்டத்தில் மூட்டை தூக்கிக் கொண்டிருப்பார்.

மலையில் விவசாயம் பார்ப்பவர்களுக்கு இதை புரிய வைப்பது சுலபம். கேரட், உருளைக்கிழங்கு தோட்டத்துக்கு மோட்டார் போட்டு ஓஸ் வழியாக தண்ணீர் விடுகிறோம். பிரஷர் அதிகமானால் ஓஸ் உடனே வெடிப்பது இல்லை. நாள்பட நாள்பட ஜாயின்ட் தளரும், ஓஸ் உப்பும், ஒருநாள் பிய்த்துக் கொள்ளும். மோட்டாரும் இழுத்து இழுத்து காயில் போகும். நம் உடம்பில் இதயம்தான் மோட்டார். ரத்தக்குழாய்தான் ஓஸ். மூளையில் குழாய் வெடித்தாலோ, அடைத்தாலோ பக்கவாதம். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. கிட்னியில் உள்ள மெல்லிய குழாய்கள் கெட்டுப்போனால் டயாலிசிஸ் வரை போகும்.

பி.பி. மாத்திரை செய்யும் வேலை, அந்த பிரஷரை தினமும் இறக்கி வைப்பது. நோயை அடியோடு அறுத்து எறிவது அல்ல. அதனால் மாத்திரை சாப்பிடும்போது 130 இருந்தால் "சரியாகி விட்டது" என்று அர்த்தம் இல்லை. "மாத்திரை வேலை செய்கிறது" என்றுதான் அர்த்தம். இங்கேதான் பலர் தப்பு கணக்கு போடுகிறார்கள். "பி.பி. நார்மல்னு சொல்லிட்டாங்க, இனிமே எதுக்கு?" என்று நிறுத்தி விடுகிறார்கள்.

நிறுத்தியதும் ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. அரசு ஆஸ்பத்திரிகளில் அதிகம் கொடுக்கும் அம்லோடிபின் போன்ற மாத்திரையின் வேகம் உடம்பில் இருந்து மெதுவாகத்தான் இறங்கும். 2, 3 நாள் விட்டாலும் பெரிதாக தெரியாது. "ஒரு வாரம் போடலை, ஒண்ணும் செய்யலையே" என்று தைரியம் வந்து விடும். அதற்குள் பிரஷர் சத்தம் இல்லாமல் பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

தலை சுற்றினால்தான் மாத்திரையா?

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். ஆனால் தலை கிறுகிறுத்தால் மட்டும் ஒன்று போடுவார்கள். பின்னந்தலை வலித்தால் ஒன்று. யாருடனாவது சண்டை போட்டால் ஒன்று. பி.பி. மாத்திரையை தலைவலி மாத்திரை போல பயன்படுத்துவது தவறு. தலை சுற்றலுக்கு பசி, ரத்த சோகை, காது கோளாறு, சர்க்கரை குறைவு என்று பல காரணம் உண்டு. சில சமயம் பி.பி. குறைந்து போனாலும் தலை சுற்றும். அப்போது இன்னொரு மாத்திரையை போட்டால் கீழே விழ வேண்டியதுதான்.

செக்கப் நாளில் மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டால் "ஆமாங்கய்யா" என்று தலையாட்டுவார்கள். திட்டு விழும் என்ற பயம். டாக்டர் என்ன செய்வார்? இந்த மாத்திரை போதவில்லை என்று நினைத்து அளவை கூட்டுவார், அல்லது இன்னொரு மாத்திரை சேர்ப்பார். வீட்டில் யாராவது கண்டித்து அத்தனையையும் ஒழுங்காக போட ஆரம்பித்தால் பி.பி. மளமளவென இறங்கி மயக்கம் வரும். "இந்த மாத்திரையே ஒத்துக்கலை" என்று மொத்தமாக நிறுத்தி விடுவார்கள். சொன்ன ஒரு சின்ன பொய்யால் வந்த வினை இது. 4 நாள் விட்டுப்போச்சு என்றால் 4 நாள் விட்டுப்போச்சு என்றே சொல்லி விடுவது நல்லது.

மலைப்பூண்டு போதுமா?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி பக்கம் பூண்டு இல்லாத வீடு இருக்காது. அதனால் இங்கே பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு, "தினம் 4 பல்லு பூண்டு சாப்பிடுறேன். கொதிப்பு எங்கிட்ட வராது."

பூண்டுக்கு ரத்த அழுத்தத்தை கொஞ்சம் குறைக்கும் குணம் இருப்பது ஆராய்ச்சிகளில் தெரிந்துள்ளது. தாராளமாக சாப்பிடலாம். ஆனால் 180 இருப்பதை 130-க்கு கொண்டுவர பூண்டால் முடியாது. பூண்டு துணைக்கு வரும், மாத்திரைக்கு பதிலாக வராது. அதிலும் பூண்டு ஊறுகாய் என்றால் உப்பு சேர்ந்து வேலை தலைகீழாகி விடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆபரேஷனுக்கு போகிறவர்கள், பூண்டு அதிகம் சாப்பிடுவதையோ, பூண்டு மாத்திரை போடுவதையோ டாக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

"இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்று சொல்பவர்களும் ஒன்றை தெரிந்து கொள்ள வேண்டும். ரத்த கொதிப்புக்கு உலகம் முழுக்க பேசப்பட்ட ஆரம்ப கால மருந்துகளில் ஒன்று நம்ம நாட்டு மூலிகையான சர்ப்பகந்தி வேரில் இருந்து வந்ததுதான். மும்பையை சேர்ந்த இதய டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவ இதழில் இதை பற்றி எழுதினார். அதன் பிறகுதான் வெளிநாட்டு டாக்டர்கள் இந்த வேரை திரும்பி பார்த்தனர். 1952-ல் அதில் இருந்து ரெசர்பின் என்ற மருந்தை பிரித்து எடுத்தனர். வேரோ, மாத்திரையோ, விஷயம் அளவில்தான் இருக்கிறது. எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிந்து, அளந்து, விடாமல் சாப்பிட்டால்தான் பலன்.

மருந்தே இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கதை போதும். உலகத்திலேயே பெரிய பதவி. கூடவே டாக்டர்கள். ஆனாலும் அவருடைய கொதிப்பை இறக்க அப்போது நல்ல மாத்திரை கிடையாது. 1945-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந்தேதி மூளையில் ரத்தக்குழாய் வெடித்து 63 வயதில் இறந்தார். அன்று அவருக்கு பார்த்த பி.பி. 300-க்கு 190. அந்த ஜனாதிபதிக்கு கிடைக்காத மாத்திரை இன்று மலை கிராமத்தில் காசு இல்லாமல் கிடைக்கிறது.

சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை

மாத்திரை சாப்பிடாத பெரியவர்களை எல்லாம் அறியாமை, அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் தள்ளி விட முடியாது. பல காரணங்களில் நியாயமும் இருக்கிறது.

முதல் காரணம் தூரம். கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் உள்ளது. மேல்மலையில் கிளாவரை, கவுஞ்சி, கீழ்மலையில் பாச்சலூர், கே.சி.பட்டி என்று ஊர்கள் மலை முழுக்க சிதறி கிடக்கின்றன. பஸ்சை விட்டால் அடுத்த பஸ்சுக்கு காத்திருக்க வேண்டும். மாத்திரை வாங்க ஒருநாள் போனால் அன்றைய கூலி போச்சு. "ஓசி மாத்திரைக்கு ஒருநாள் கூலியா?" என்று கணக்கு போடுகிறார்கள்.

வெள்ளகவி, சின்னூர், பெரியூர் போன்ற ஊர்கள் இன்னும் கஷ்டப்பட்டவை. நெடுங்காலம் ரோடு இல்லாமல், உடம்பு சரியில்லாதவர்களை டோலி கட்டி தூக்கி வந்த செய்திகள் இந்த பகுதி மக்களுக்கு புதிது அல்ல. மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரோடு உள்ள ஊருக்கும் இதே கதிதான். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது மரங்கள் விழுந்து மலைப்பாதைகள் அடைபட்டன. கையில் மாத்திரை தீர்ந்து போனவர்கள் என்ன செய்வார்கள்?

அடுத்த காரணத்தை பெண்கள் வெளியே சொல்ல கூச்சப்படுகிறார்கள். சில பி.பி. மாத்திரைகள் உப்பையும், தண்ணீரையும் சிறுநீராக வெளியேற்றி வேலை செய்யும். காலையில் போட்டால் 2, 3 முறை கூடுதலாக போக வேண்டி வரும். காபி தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணும், பூண்டு வயலில் களை எடுக்கும் பெண்ணும் எங்கே போவார்கள்? மலைப்பாதை பஸ்சில் 2 மணி நேரம் உட்கார்ந்து வருபவர் என்ன செய்வார்? அதனால் வேலை நாளில் மாத்திரை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டால் போதும் என்று அவர்களாக முடிவு செய்து விடுகிறார்கள். இதை டாக்டரிடம் வாய் திறந்து சொன்னால் வேறு மாத்திரை கொடுப்பார், இல்லாவிட்டால் சாப்பிடும் நேரத்தை மாற்றி கொடுப்பார்.

காலை, இரவு எந்த நேரத்தில் போடுவது என்பதிலும் பலருக்கு குழப்பம். இங்கிலாந்தில் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. காலையில் போட்டவர்களுக்கும், ராத்திரி போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வித்தியாசம் இல்லை. மறக்காமல் போட எந்த நேரம் வசதியோ அதுவே நல்ல நேரம். தண்ணீர் பிரிக்கும் மாத்திரையை மட்டும் ராத்திரி படுக்கும்போது போட்டால் தூக்கம் கெடும் என்பதால் டாக்டரை கேட்டுக்கொள்ள வேண்டும்.

கால் வீக்கம், வறட்டு இருமல்

மாத்திரையை நிறுத்த வைக்கும் இன்னொரு விஷயம் பக்க விளைவு. அம்லோடிபின் சிலருக்கு கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். எனலாபிரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலை கொடுக்கும். மலைக்குளிரில் இருமல் வந்தால் பனியால் வந்தது என்று நினைத்து மாதக்கணக்கில் கசாயம் குடிப்பார்கள். கடைசியில் மாத்திரைதான் காரணம் என்று யாராவது சொன்னதும் எல்லா மாத்திரையையும் தூக்கி போட்டு விடுவார்கள்.

ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்று மாத்திரை இருக்கிறது. பி.பி.க்கு ஒரே ஒரு மருந்து அல்ல, பல வகை மருந்துகள் உள்ளன. மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தக்கூடாது. அதிலும் அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற இதய துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரைகளை திடீரென நிறுத்துவது ஆபத்து. துடிப்பு எகிறி நெஞ்சு வலி வரலாம்.

"பி.பி. மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்ற பயமும் பரவலாக இருக்கிறது. உண்மை நேர் எதிர். கட்டுக்குள் இல்லாத பி.பி.தான் கிட்னியை கெடுக்கிறது. கிட்னியை கெடுக்கும் இன்னொரு ஆள் வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் முட்டி வலி மாத்திரை. ஏற்றம், இறக்கம் ஏறி இறங்கி மலைவாசிகளுக்கு மூட்டு தேய்ந்து போவது சகஜம். மருந்து கடையில் கேட்டு டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இவை பி.பி.யையும் ஏற்றும், கிட்னியையும் பாதிக்கும். கெடுப்பது வலி மாத்திரை, கெட்ட பெயர் பி.பி. மாத்திரைக்கு!

கலர் மாறினால் சந்தேகம்

எழுத படிக்க தெரியாத பெரியவர்கள் மாத்திரையை கலரையும், அளவையும் வைத்துதான் அடையாளம் காண்கிறார்கள். 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவ சேவைகள் கழகம் டெண்டர் விட்டு மருந்து வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. தயாரிக்கும் கம்பெனி மாறினால் அட்டையும் மாறும், மாத்திரையின் தோற்றமும் மாறும். "போன தடவை கொடுத்தது வேற, இது வேற. மாத்தி கொடுத்துட்டாங்க" என்று சந்தேகப்பட்டு சாப்பிடாமல் வைத்து விடுவார்கள். இல்லாவிட்டால் பழையதும், புதியதும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் போடுவார்கள். இரண்டுமே தப்பு. கலர் மாறினால் நர்சிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணவருக்கு கொடுத்த மாத்திரையை மனைவி போடுவதும் நடக்கிறது. இருவருக்கும் பி.பி. என்பதால் ஒரே மாத்திரை என்று நினைக்கக்கூடாது. சர்க்கரை, ஆஸ்துமா, கிட்னி கோளாறு இருந்தால் மாத்திரையும் மாறும்.

குளிரும், உப்பும்

மலையில் இருப்பவர்களுக்கு கூடுதலாக ஒரு சிக்கல். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அதனால் குளிர்காலத்தில் பி.பி. கொஞ்சம் ஏறும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் கொடைக்கானலில் உறைபனி விழும் நேரத்தில் மாத்திரையை விடுவது, மழை வரும்போது குடையை வீட்டில் வைத்து விட்டு போவது போல.

கருவாடு, ஊறுகாய், அப்பளம், வற்றல் என்று உப்பு கூடினால் மாத்திரை எவ்வளவு இழுத்தாலும் பி.பி. இறங்காது. ஒரு ஆளுக்கு ஒருநாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று சாராயம், பிராந்தி குடிப்பதும் பி.பி.யை ஏற்றத்தான் செய்யும்.

தைப்பூசத்துக்கு பழனிக்கு பாதயாத்திரை போகும் பெரியவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் உண்டு. விரதம் என்று மாத்திரையை வீட்டில் வைத்து விட்டு நடக்கக்கூடாது. துணி மூட்டையோடு மாத்திரை அட்டையும் போக வேண்டும். வெயிலில் நடந்து வியர்வை அதிகம் போகும்போதும், வாந்தி, பேதி ஆகும்போதும் சில மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டி வரலாம். புறப்படும் முன்பே டாக்டரை பார்த்து விட்டால் வழியில் மயங்கி விழாமல் இருக்கலாம்.

"வயசாயிடுச்சு, இனி எதுக்கு?"

சில பெரியவர்கள் கடைசியாக வைக்கும் பேச்சு இது. "எழுபது தாண்டியாச்சு. இருக்கிற வரைக்கும் இருந்துட்டு போறேன். மாத்திரை எதுக்கு?"

இதற்கும் பதில் இருக்கிறது. பல நாடுகளில் 80 வயதை தாண்டிய 3,845 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களில் பக்கவாதத்தால் இறப்பது 39 சதவீதமும், எல்லா காரணங்களாலும் இறப்பது 21 சதவீதமும் குறைவாக இருந்தது. 80 வயதிலும் மாத்திரைக்கு பலன் உண்டு.

சாவை விட பெரிய பயம் படுக்கைதான். ரத்த கொதிப்பு எல்லோரையும் ஒரே அடியாக கொண்டு போவது இல்லை. ஒரு கை, ஒரு கால் விழுந்து, பேச்சு குழறி, வருடக்கணக்கில் படுக்கையில் போட்டு விடும். மலைச்சரிவில் கட்டிய வீட்டில் படி ஏற முடியாமல், வெளிக்கு போகவும் அடுத்தவர் கையை எதிர்பார்த்து கிடக்க வேண்டும். திருப்பூர், கோவை பக்கம் வேலைக்கு போன மகனோ, மகளோ வேலையை விட்டு விட்டு வந்து பார்க்க வேண்டும். "பிள்ளைகளுக்கு பாரமா இருக்க கூடாது" என்று நினைக்கிற பெரியவர்கள்தான் முதலில் மாத்திரையை எடுக்க வேண்டும்.

அதே நேரத்தில் மிகவும் வயதானவர்களுக்கு பி.பி.யை அளவுக்கு மீறி இறக்கக்கூடாது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், கால் தள்ளாடினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவை குறைப்பதும், கூட்டுவதும் அவர் வேலை.

விடாமல் சாப்பிடுபவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர், வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ஒருவர் பக்கவாதம் வந்து விழுந்ததை கண்ணால் பார்த்தவர்கள். மற்றபடி அவர்களிடம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சின்ன சின்ன பழக்கம்தான்.

* மாத்திரையை டப்பாவில் போட்டு மூடாமல் கண்ணில் படும் இடத்தில் வைக்கிறார்கள். காலை டீ போடும் இடம், சாமி படம், பல் பொடி வைக்கும் மாடம் என்று தினமும் கை போகும் இடமாக பார்த்து வைக்கலாம். சின்னப்பிள்ளைகள் கைக்கு மட்டும் எட்டக்கூடாது.

* பேரன், பேத்தியிடம் பொறுப்பை கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் முன் "அம்மாச்சி, மாத்திரை போட்டாச்சா?" என்று பிள்ளை கேட்டால் மறக்காது. வெளியூரில் இருக்கும் மகன் போனில் இந்த ஒரு கேள்வியை கேட்டாலும் போதும்.

* அட்டையில் கடைசி 5 மாத்திரை இருக்கும்போதே அடுத்த அட்டைக்கு ஏற்பாடு செய்கிறார்கள். மழைக்காலத்தில் இன்னும் முன்னதாக.

* ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஒரு நாள் ஆஸ்பத்திரி பக்கம் போனால், நோட்டை கொடுத்து விட்டு விவரம் கேட்டு வரச்சொல்கிறார்கள்.

* ஒருநாள் மறந்து விட்டால் அன்றைக்குள் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்கிறார்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் வழக்கமான ஒன்று மட்டும். இரண்டு நாள் மாத்திரையை சேர்த்து போடக்கூடாது.

வீட்டு வாசலில் மாத்திரை

தூரத்துக்கு அரசாங்கமும் வழி தேடியது. தமிழ்நாட்டில் ரத்த கொதிப்பை ஊர் ஊராக கண்டுபிடித்து மருந்து கொடுக்கும் முயற்சி 2007-ல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சோதனையாக தொடங்கியது. 2012 முதல் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களை தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கப்பட்டது. சுய உதவிக்குழு பெண்களை தன்னார்வலர்களாக எடுத்து, வீட்டுக்கே போய் பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பதுதான் திட்டம். 2024-ல் இதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது.

மாத்திரை வாசலுக்கு வந்தாலும் வாய்க்குள் போக வேண்டியது பெரியவர் கையில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பெண்ணிடம் "போடுறேன், போடுறேன்" என்று சொல்லி அனுப்பாமல், கால் வீங்குது, இருமுது, வேலை நாளில் சங்கடமா இருக்கு என்று உள்ளதை சொல்ல வேண்டும். மீதி இருக்கும் அட்டைகளையும் எடுத்து காட்ட வேண்டும்.

பி.பி. பார்க்கும்போதும் சில விஷயம் உண்டு. மேட்டில் ஏறி வந்த மூச்சோடு பார்த்தால் கூடுதலாக காட்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம் முன்பு காபி, டீ, பீடி, புகையிலை வேண்டாம். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்ப திரும்ப காட்டினால் ரத்த கொதிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

நேரம் போனால் போனதுதான்

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டும், விடியட்டும் என்று காத்துக்கொண்டும் இருக்கக்கூடாது. உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். மூளையில் ரத்தம் அடைத்திருந்தால் அதை கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்து பார்த்தாக வேண்டும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு நாலரை மணி நேரம் போதலாம். கிளாவரையில் இருந்தோ, பாச்சலூரில் இருந்தோ கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி பெரிய ஆஸ்பத்திரிக்கு போய் சேருவதற்குள் பாதி நேரம் ரோட்டிலேயே கரைந்து விடும். ராத்திரியில் மழையும், மூடுபனியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

அதனால் மற்ற ஊர்க்காரர்களை விட மலையில் இருப்பவர்களுக்குத்தான் அந்த ஒரு மாத்திரை ரொம்ப முக்கியம். "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லும் பெரியவர் நன்றாக இருப்பதற்கு, அலமாரியில் இருக்கும் அந்த அட்டைதான் காரணமாக இருக்கலாம். இன்றைக்கு வீட்டுக்கு போனதும் அந்த டப்பாவை திறந்து, அட்டையில் எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று எண்ணி பாருங்கள்.